பந்தி ஹாலில் ஒரு முகூர்த்தம்

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று முதல் எழுதுகிறேன். நெஞ்சுக்குள் கம்பி வைத்த டாக்டர் மாத்திரை கொடுத்தார். யோகா மாஸ்டர் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார். தினமும் சாயங்காலம், அன்றைக்கு யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டுமோ அதை எழுத வேண்டுமாம். கோபதாபம் குறைந்து ரத்த அழுத்தம் இறங்குமாம். நான் கல்யாண மண்டபத்து மேனேஜர். எனக்கு ஏது கோபம்? ரசத்தில் உப்பில்லை என்று திட்டினாலும் சிரிக்க வேண்டும். தலையணை உறையைச் சுருட்டிக்கொண்டு போனாலும் சிரிக்க வேண்டும்.

ஆனாலும் எழுதுகிறேன். முதல் நன்றி என் மனைவி பகவதிக்கு. இத்தனை வருஷம் இந்தக் குற்றாலிங்கத்தோடு குப்பை கொட்டியதற்கு. நெய் டப்பாவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள். அதற்கும் நன்றி எழுதச் சொல்வார் போல மாஸ்டர்.

பிப்ரவரி 3, திங்கள்

இன்று கட்சிக்காரர்கள் கைது. எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. எல்லாக் கட்சியும் என் மண்டபத்துக்கு வாடிக்கைதான்.

எங்கள் ஊரில் யார் மறியல் செய்தாலும் பேருந்து நிலையத்துக்கு முன்னால்தான் செய்வார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் உலகம்மாள் மகால். போலீஸ் வேனில் ஏற்றுவார்கள், மண்டபத்தில் இறக்குவார்கள், மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் ஆறு மணிக்கு விடுதலை. மறுநாள் பேப்பரில் 'கைது செய்யப்பட்டு மாலையில் விடுவிக்கப்பட்டனர்' என்று ஒரு வரி வரும். கல்யாணம் இல்லாத நாளில் மண்டபம் ஈ ஓட்டாமல் இருப்பது இதனால்தான். இன்ஸ்பெக்டர் தனபாலன் வெளியூர்க்காரர். வந்த புதிதில் என்னை சார் என்றவர், இப்போது அண்ணாச்சி என்கிறார். தங்கமான மனுஷன்.

மறியலில் ஒரு பஸ் கண்ணாடி போய்விட்டது. நான் விசாரித்தேன். "உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க அண்ணாச்சி" என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர். கட்சியின் மாவட்டச் செயலாளர் வேனில் ஏறி போட்டோ எடுத்து முடித்ததும் இறங்கிவிட்டார். பிறகு தன் சொந்தக் காரில் கைதாகி வந்து சேர்ந்தார். மேல் ஹாலில் பிரியாணி. அவர்களே வரவழைத்தது, போலீஸுக்கும் சேர்த்து. ஆறு மணிக்கு வாசலில் வெடி போட்டார்கள். சுவரெல்லாம் வெற்றிலை எச்சில். மூன்று ஆள் போட்டுக் கழுவினேன்.

பிரியாணி ஒரு டப்பா எனக்கும் வந்தது. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டருக்கு நன்றி.

பிப்ரவரி 6, வியாழன்

வியாபாரிகள் சங்கம் மறியல். மேல் ஹாலில் ஏசி போடச் சொன்னார் இன்ஸ்பெக்டர். "பெரியவங்க எல்லாம் வந்திருக்காங்க, வேர்த்துப் போச்சுன்னா நல்லா இருக்காது." சங்கத் தலைவர் சர்க்கரை மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு வந்து கைதாகிவிட்டார். ஒரு போலீஸ்காரர் பைக்கில் போய் வாங்கி வந்து கொடுத்தார். கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றார், பாவம்.

சாயங்காலம் போகும்போது தலைவர் இன்ஸ்பெக்டருக்கே பொன்னாடை போர்த்தினார். கைதானவர் கைது செய்தவருக்குப் போர்த்திய பொன்னாடையை இன்றைக்குத்தான் பார்த்தேன். போலீஸ் என்றால் அடிதடி என்று சும்மா சொல்கிறார்கள். இப்படிப்பட்ட காவல்துறை வாய்த்ததற்கு நன்றி.

பிப்ரவரி 8, சனி

முப்பிடாதி வந்தாள். எங்கள் தெருவைப் பெருக்குகிறவள். பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் அனுசியாவுக்கு எங்கள் மினி ஹாலில் கல்யாணம். கார்த்திகை மாசமே பதிவு செய்துவிட்டாள். முதலாளி சென்னையிலிருந்து போனில், "பொண்ணு வீடு யாரு?" என்றார். "அம்மா நகராட்சில வேலை பாக்காவ, பிள்ளை மருந்துக்கடைல இருக்கு" என்றேன். இதில் எது பொய்? மேற்கொண்டு அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாலை எங்கே வாங்குவது, பந்திக்கு எத்தனை வரிசை என்றெல்லாம் பேசினோம். பந்தி ஹாலைப் போய்ப் பார்த்தாள். கீழ்த் தளத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் பெரிய ஷட்டர், மறுபக்கம் பரிமாறுகிறவர்கள் சாம்பார் வாளியோடு வந்து போக அடுப்படிக் கதவு. "நம்ம ஆளுவ எல்லாரும் ஒரே பந்தில உக்காந்துருவாவ அண்ணாச்சி" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் புருஷன் போனபிறகு இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

போகும்போதுதான் சொன்னாள். குப்பை வேலையை ஏதோ கம்பெனிக்குக் கொடுக்கிறார்களாம், பாதிப் பேரை நிறுத்தப் போகிறார்களாம். திங்கள்கிழமை முதல் நகராட்சி அலுவலக வாசலில் உட்காரப் போகிறார்கள்.

"ஏ முப்பிடாதி, கல்யாணத்த வச்சிக்கிட்டு உனக்கு என்னத்துக்கு இது? மத்தவ உக்காரட்டும்."

"நானே போவலன்னா வேற யாரு அண்ணாச்சி போவா? கல்யாணத்துக்கு முந்தி முடிஞ்சிரும்."

முடிந்துவிடும். நம் இன்ஸ்பெக்டர் இருக்கிறார், பேசி முடித்துவிடுவார். இன்று நன்றி அவள் கொண்டுவந்த முருங்கைக்காய்களுக்கு.

பிப்ரவரி 10, திங்கள்

போராட்டம் தொடங்கிவிட்டது. தெரு பெருக்கவில்லை. நெஞ்சு வலிக்கவில்லை. நன்றி.

பிப்ரவரி 12, புதன்

குப்பை நாறுகிறது. பகவதி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, "இத்தனை நாளும் இந்த நாத்தம் எங்க போயிருந்துச்சு?" என்றாள். யாரோ தினமும் அள்ளிக்கொண்டு போனார்கள், வேறென்ன.

நகராட்சி வழியாக வந்தேன். வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பந்தல் போட அனுமதி இல்லையாம். போன மாசம் இதே இடத்தில் அரசு ஊழியர்களுக்குப் பந்தல் இருந்த ஞாபகம். சரியாக ஞாபகம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முப்பிடாதி தூரத்திலிருந்து கையைக் காட்டினாள். நானும் காட்டினேன், இடுப்பு உயரத்துக்கு.

பிப்ரவரி 15, சனி

கைகால் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

விடியும் முன்னே இன்ஸ்பெக்டர் போன். "கேட்டத் தொறந்து வைங்க அண்ணாச்சி, ஆள் வருது." இவ்வளவு சீக்கிரம் யாரும் கைதாகி நான் பார்த்ததில்லை. மற்றவர்களெல்லாம் டிபன் முடித்துவிட்டுத்தான் கைதாவார்கள்.

வேன்களில் நிற்கவும் இடமில்லாமல் அடைத்துக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் பெண்கள். ஆண்களை வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்களாம். ஒருத்திக்கு உதடு கிழிந்திருந்தது. இன்னொருத்தி கிழிந்த ஜாக்கெட் கையைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். கீழே விழுந்துவிட்டார்கள் என்றார் ஒரு கான்ஸ்டபிள். இத்தனை பேர் சேர்ந்தாற்போல் விழுவார்களா என்று நான் கேட்கவில்லை. பனி பெய்த தரை. விழலாம்.

கடைசியாக இறங்கினாள் முப்பிடாதி. என்னைப் பார்த்து, "இன்னைக்கே வந்துட்டோம் அண்ணாச்சி" என்றாள்.

பழக்கதோஷத்தில் மேல் ஹால் சாவியை எடுத்தேன். "அது எதுக்கு? கீழ அனுப்புங்க" என்றார் இன்ஸ்பெக்டர். பந்தி ஹாலுக்கு அனுப்பினேன். மின்விசிறி போட்டேன். "சொகுசு காட்டினா இங்கயே குடும்பம் நடத்துவாங்க. ஃபியூஸைப் பிடுங்கிருங்க." பிடுங்கி என் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டேன். கரண்டு மிச்சம். எல்லாருடைய போனையும் ஒரு சாக்கில் வாங்கிக்கொண்டார்கள். கழிப்பறைக்கு ஒவ்வொருத்தியாக, கூடவே ஒரு போலீஸ். ஷட்டரைப் பாதி இறக்கி, முன்னால் ஏட்டம்மா ஸ்டெல்லாவையும் மூன்று பெண் போலீஸையும் போட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் போய்விட்டார்.

மூன்று மணிக்குமேல் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் வந்தது. பாதிக்குமேல் ஊசிப்போயிருந்தது. ஆறு மணி ஆயிற்று. நான் வழக்கம்போல் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் விடுதலை ஆகவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சார், ஆறு மணி ஆச்சு. நாளைக்குக் காலைல அந்த முப்பிடாதி மவளுக்கு இங்கனதான் கல்யாணம்."

"தெரியும் அண்ணாச்சி. நடக்கட்டும், யாரு வேண்டாம்னா? இனிமே போராட்டத்துக்கு வரமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு இப்பவே போகட்டும். விட்டா நேரா போய் அங்கயே உக்காருவாங்க. மேலிடத்துல நான் பதில் சொல்லணும்."

"வியாபாரிங்க யாரும் எழுதிக் குடுக்கலையே சார்." எப்படியோ வாய் தவறி வந்துவிட்டது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபப்படவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

அப்போதே மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். அனுசியா கையில் மருதாணியோடு ஆபீஸ் வாசலில் நின்றாள். "சார், அம்மா இங்கதான் இருக்காங்களா?" ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அந்தப் பிள்ளை அழவில்லை. சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றது.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு குண்டான் பால் காய்ச்சி எடுத்துக்கொண்டு அடுப்படிக் கதவு வழியாக உள்ளே போனேன். போலீஸுக்கு ஷட்டர் மட்டும்தான் தெரியும். இப்படி ஒரு வழி இருப்பது சமையல்காரர்களுக்கும் எனக்கும்தான் தெரியும். உள்ளே ஒரே புழுக்கம், குழம்புச் சட்டிக்குள் இறங்கியதுபோல் இருந்தது. உதடு கிழிந்த பெண் முப்பிடாதியின் மடியில் படுத்திருந்தாள்.

"முப்பிடாதி, அடுப்படிக் கதவத் தொறந்து வச்சிருக்கேன். சத்தம் காட்டாம அந்தால மினி ஹாலுக்குப் போயிரு. காலைல தாலி கட்டுன பொறவு பாத்துக்கிடலாம்."

அவள் கதவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எவ்வளவு ஆசை இருந்தால் ஒரு கதவை அப்படிப் பார்ப்பாள் ஒருத்தி.

"எண்ணிப் பாத்து ஒரு ஆளு கொறஞ்சா இந்தப் பிள்ளைகளைத்தான அடிப்பாவ அண்ணாச்சி?"

"அப்பம் எழுதிக் குடுத்துட்டுப் போ. ஊரு என்ன சொன்னா உனக்கென்ன?"

"என்னைய நம்பி வந்து உக்காந்திருக்காளுவ. எழுதிக் குடுத்துட்டுப் போயி எம்மவளுக்கு அட்சதை போட்டா, அது அட்சதையா இருக்காது. நீங்க முன்ன நின்னு முடிச்சு வைங்க. அது போதும் எனக்கு." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள், "நீ போக்கா, நாங்க வாங்கிக்கிடுதோம்" என்றாள். முப்பிடாதி அவளை ஒரு அதட்டு அதட்டினாள்.

வந்ததும் முதல் வேலையாக டிராயரிலிருந்து ஃபியூஸை எடுத்துப் போட்டேன். பிடுங்கச் சொன்னவர் கேட்டால் கைமறதி என்று சொல்லிக்கொள்ளலாம்.

பகவதியிடம் போனில் சொல்லிப் புலம்பினேன். அவள் முழுசும் கேட்டுவிட்டு, "பந்தில உக்கார வேண்டியவ எல்லாரும் உள்ளதான இருக்கா? பொறவு மினி ஹால்ல யாருக்கு முன்னால தாலி கட்டுவான், நாற்காலிக்கு முன்னாலயா? அவ வெளிய வர முடியலன்னா பொண்ணையும் மாப்பிள்ளையையும் உள்ள கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள். ஏதோ குழம்புக்குப் புளி கரைக்கச் சொல்வதுபோல் சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மாவிடம் போய்த் தயங்கிக்கொண்டே கேட்டேன். அவளும் பக்கத்து ஊரில் இதே வேலைதான். "எங்க ஊர்லயும் இதே கதைதான் அண்ணாச்சி. மதினி எங்க இருக்காவளோ அங்கன வச்சே கட்டிருவோம்" என்றாள்.

நாளைக்குத் தாலி ஏறுவதற்குள் இரண்டாவது கம்பி வைக்க வேண்டி வருமோ என்னவோ. இன்றைய நன்றி பகவதிக்கு. நெய் விஷயத்தை மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நடந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் மணவறைப் பலகை, குத்துவிளக்கு, நிறைநாழி எல்லாவற்றையும் சாம்பார் வாளி போகிற வழியாகக் கொண்டுபோனோம். சமையல்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. பகவதி வீட்டிலிருந்து ஒரு கட்டு ஜாக்கெட்டும் சீப்பும் பூவும் கொண்டுவந்திருந்தாள். உள்ளே இருந்த பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி தலைவாரி, முகம் கழுவி, மேஜைகளைச் சுவரோரம் தள்ளி நடுவில் இடம் பண்ணினார்கள். முப்பிடாதிக்கு என்று எடுத்து வைத்திருந்த பட்டுச் சேலையைப் பகவதியே கட்டிவிட்டாள். நாலு பேர் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் இத்தனை வருஷமாக வாசல்படிக்குக் கீழே நின்று தண்ணீர் வாங்கிக் குடிப்பவள் முப்பிடாதி. இன்று அவளுக்குக் கொசுவம் வைத்துவிட்டுக் குனிந்து தரையில் உட்கார்ந்து நுனியை இழுத்துவிட்டாள் பகவதி. நான் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன்.

அனுசியா கதவு வழியாக உள்ளே வந்தாள். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள் முப்பிடாதி. அவ்வளவுதான் கேட்டாள். அதற்கே பாதிப் பேர் அழுதுவிட்டார்கள், நானும்தான்.

மேளத்தை அடக்கி வாசிக்கச் சொல்லியிருந்தேன். அடக்கி வாசிக்கிற கெட்டிமேளம் உண்டா? ஷட்டருக்குக் கீழே குனிந்து ஏட்டம்மா ஸ்டெல்லா எட்டிப் பார்த்தார். மணவறை, புகை, பெண், மாப்பிள்ளை. அந்தம்மா எல்லாவற்றையும் பார்த்தார். "எனக்கு டியூட்டி வெளியதான்" என்றார். ஷட்டரை இழுத்து முழுசாக இறக்கிவிட்டார். சாமி என்று நான் கும்பிட்டது அந்த ஷட்டரைத்தான்.

தாலி ஏறியது. உள்ளே இருந்த எண்பது பேரும் சேர்ந்து குலவை விட்டார்கள். என் மண்டபத்தில் எத்தனையோ பெரிய வீட்டுக் கல்யாணம் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் தாலி ஏறும் நேரத்தில் பாதிப் பேர் பந்தியில் இடம் பிடிக்க ஓடிவிடுவார்கள். இங்கே ஒருத்தி அசையவில்லை. எங்கே போவது, ஷட்டர் இறங்கியல்லவா இருக்கிறது. முப்பிடாதி போட்ட அட்சதை பாதி என் தலையில் விழுந்தது. தட்டிவிட மனசு வரவில்லை.

பிறகு பந்தி. இலை போட்டு, நேற்றிலிருந்து வயிறு காய்ந்து கிடந்தவர்களுக்குச் சோறும் அவியலும் பருப்பும். ஷட்டரைத் தட்டி ஏட்டம்மாவையும் அந்த மூன்று போலீஸ் பிள்ளைகளையும் கூப்பிட்டவள் முப்பிடாதிதான். "நீங்களும் நேத்து காலைல இருந்து நின்னுக்கிட்டுத்தான இருக்கீய. உங்களுக்கும் அதே பொட்டலத்ததான குடுத்தாவ. வாங்க, எல போட்டிருக்கு." ஏட்டம்மா வேண்டாம் வேண்டாம் என்றார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நேற்று ஜாக்கெட் கிழிந்தவளுக்கு அடுத்த இலை.

பாயசம் ஊற்றும்போது ஷட்டர் உயர்ந்தது. இன்ஸ்பெக்டர்.

அவர் வரிசையைப் பார்த்தார். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தன் ஆட்களைப் பார்த்தார். "ஸ்டெல்லா, எந்திரிங்க" என்றார். ஏட்டம்மா கையை உதறிக்கொண்டு பாதி எழுந்துவிட்டார்.

முப்பிடாதி பாயச வாளியைக் கீழே வைத்தாள். "சார், சாப்பிடுத எலைல இருந்து எழுப்பாதிய. அவிய சாப்பிட்டு முடிக்கட்டும். பொறவு எங்கள எங்க கொண்டு போவணுமோ கொண்டு போங்க. நாங்க எங்கயும் ஓடல. நேத்தே கதவு தொறந்துதான் இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் அடுப்படிக் கதவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் என் கால்விரல்களைப் பார்த்தேன். பத்தும் இருந்தன.

அவர் வெளியே போய்விட்டார். வாசல் வேப்பமரத்தடியில் நின்றார். கடைசி இலை எடுக்கும்வரை உள்ளே வரவில்லை. இவரைத் தங்கம் என்று முன்னால் எழுதியதை அடிக்கவும் தோன்றவில்லை, அப்படியே விடவும் தோன்றவில்லை. வேப்பமரத்தடியில் நின்ற அந்த நேரத்துக்கு மட்டும் அவருக்கு நன்றி. அது நிஜமான நன்றி.

கை கழுவி வந்ததும் மற்றவர்களை வீட்டுக்குப் போகலாம் என்றார். ஏழு பேரின் பெயரை வாசித்தார். முன்னின்று நடத்தியவர்களாம். ரிமாண்டு. முதல் பெயர் முப்பிடாதி. பஸ் கண்ணாடியை உடைத்தவர்களுக்கு வெடி போட்ட வாசலில் வேன் வந்து நின்றது.

முப்பிடாதி பட்டுச்சேலையோடு ஏறினாள். தலையில் அட்சதை இருந்தது. அனுசியா ஓடிவந்து வேன் கம்பி வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, மாத்திரைய வேளைக்குப் போடு. அங்க தரைல படுக்காத, சேலைய மடிச்சுப் போட்டுப் படு. யார்ட்டயும் வாய் குடுக்காத. நான் நல்லா இருப்பேன், என்னைய நினைச்சு அழுதுகிட்டுக் கெடக்காத." முப்பிடாதி சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

இந்த வாசலில் எத்தனையோ பெண்கள் அழுதுகொண்டே வண்டி ஏறியிருக்கிறார்கள். தாய்மார் இப்படித்தான் புத்தி சொல்லி அனுப்புவார்கள். இன்று வண்டியில் ஏறியவள் தாய். கழுத்தில் புதுத்தாலியோடு புத்தி சொல்லி அனுப்பியவள் மகள்.

பிப்ரவரி 17, திங்கள்

யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இன்று எழுதவில்லை.

பிப்ரவரி 19, புதன்

ஏழு பேருக்கும் ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆள்குறைப்பைப் பற்றிப் பேச கலெக்டர் கூப்பிட்டிருக்கிறாராம். கூப்பிட்டுவிட்டார் என்பதற்காக நான் ஒன்றும் துள்ளவில்லை, முப்பிடாதியும் துள்ளவில்லை. சிறை வாசலிலிருந்து நேராக மகளும் மருமகனும் அழைத்துப் போனார்களாம். சாயங்காலம் மண்டபத்துக்கு வந்தாள், பகவதியின் ஜாக்கெட்டுகளைத் துவைத்து மடித்துக்கொண்டு. உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "நல்லா சாஞ்சு உக்காரு. அங்க என்ன, நாற்காலியா போட்டு வச்சிருந்தான்?" என்றேன்.

நான் அவளிடம் நன்றி சொன்னேன். எதற்கு என்றாள். உன் மகள் கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டதற்கு என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது இன்ஸ்பெக்டர் போன். என்மேல் கேஸ் என்று நினைத்தேன். அவரோ எதுவுமே நடக்காத குரலில் பேசினார். "அண்ணாச்சி, சனிக்கிழமை வியாபாரிகள் மறுபடியும் மறியல். நூறு பேர் இருப்பாங்க. மேல் ஹால் ஏசியைப் பார்த்து வைங்க."

"கீழ் ஹால் இருக்கு சார்."

"என்னது?"

"பந்தி ஹாலு. பத்து மணிக்கு வந்தாலும் சரி, விடியுமுன்ன வந்தாலும் சரி."

"அண்ணாச்சி, வர்றவங்க யாருன்னு தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும் சார். ரோட்டுல உக்காந்தவங்க."

அவர் வைத்துவிட்டார். அதற்குமேல் பேச வேண்டி வந்திருந்தால் என் தைரியம் தாங்கியிருக்காது. வைத்ததற்கு நன்றி. நாளைக்கு முதலாளி கூப்பிடுவார், வேலை போனால் பகவதிக்கு என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசிக்க வேண்டும். முப்பிடாதி எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.